திரும்பிப் போய் அந்த நாற்காலியில் உட்கார்

மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தாகிவிட்டது. டாக்டர் அடுத்த டோக்கனுக்கு மணியடிக்கக் கை நீட்டுகிறார். நீ கதவுவரை போய்விட்டாய். “வேற ஏதாவது இருக்கா?” என்று கேட்கிறார். உன் தொண்டைக்குள் ஒரு வாக்கியம் ஏறி வருகிறது. மூன்று மாதமாக உன்னைத் தூங்கவிடாமல் குடையும் வாக்கியம் அது. “ஒண்ணுமில்ல டாக்டர்” என்கிறாய். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வருகிறாய்.

தம்பி, அந்த “ஒண்ணுமில்ல” என்ற பொய்யை நானும் சொன்னேன். நான்கு மாதத்தில் நான்கு முறை சொன்னேன். அதற்கு என்ன விலை கொடுத்தேன் என்று எனக்குத் தெரியும். நீ அதைக் கொடுக்கக் கூடாது. அதனால்தான் கூச்சத்தையெல்லாம் உதறிவிட்டு இதை எழுதுகிறேன்.

எனக்கு 46 வயதிருக்கும்போது தொழில் நொடித்தது. கடன் போனால் சம்பாதித்துவிடலாம், மனம் போனால்? காலையில் பல் துலக்க எழுந்திருப்பதே மலையேறுவது போலிருந்தது. என் மனைவிதான் கையைப் பிடித்து மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனாள். எஸ்சிட்டலோபிராம் எழுதிக் கொடுத்தார். ஐந்தாறு வாரத்தில் இருட்டு விலகத் தொடங்கியது. பேப்பர் படித்தேன், பிள்ளைகள் பேசியதைக் காது கொடுத்துக் கேட்டேன், கடன்காரர்களின் போனை எடுத்து நிமிர்ந்து பதில் சொன்னேன். அந்த மாத்திரைக்கு இன்றைக்கும் நான் நன்றியுள்ளவன். ஆனால் மனைவியின் அருகே படுத்தபோது உடம்பு என் சொல்லைக் கேட்கவில்லை. ஆசை மங்கியிருந்தது. ஆசை வந்த நாளிலும் விறைப்பு வரவில்லை, வந்தால் நிற்கவில்லை.

டாக்டரிடம் சொல்ல வெட்கம். மனைவியிடம் சொல்ல அதைவிட வெட்கம். நானே முடிவெடுத்து மாத்திரையை நிறுத்தினேன். சில நாளில் தலை சுற்றியது. தலையைச் சட்டென்று திருப்பினால் மண்டைக்குள் ஷாக் அடித்தது போல் ஒரு வெட்டு வெட்டியது. இரண்டு வாரத்தில் அது அடங்கியதும் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். இரண்டு மாதத்தில் பழைய இருட்டு திரும்பி வந்தது, முன்பைவிடக் கனமாக. அந்த நாட்களில் என் மனதில் ஓடிய எண்ணங்களை இங்கே எழுத மாட்டேன். உனக்கு அப்படி எண்ணம் வந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே வைத்துவிட்டு 14416 என்ற எண்ணை அழை. அரசின் டெலி மானஸ் உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லாததை இப்போது உனக்குச் சொல்கிறேன். உனக்கு நடந்தது உன் குற்றமே அல்ல. ஃப்ளுவாக்ஸிடின், செர்ட்ரலின், பராக்ஸிடின், எஸ்சிட்டலோபிராம் எல்லாம் ஒரே குடும்பத்து மாத்திரைகள். மூளையில் செரோட்டோனின் என்ற வேதிப்பொருளைக் கூடுதல் நேரம் தங்கவைப்பது இவற்றின் வேலை. மனதைத் தூக்கி நிறுத்தும் அதே செரோட்டோனின், ஆசைக்கும் விறைப்புக்கும் உச்சத்துக்கும் போகும் பாதைகளில் கொஞ்சம் பிரேக்கையும் போட்டுவிடுகிறது. இன்னொன்றையும் மறக்காதே. மனச்சோர்வே ஆசையைத் தின்னும் நோய்தான். மாத்திரையைத் தொடுவதற்கு முன்பே பலருக்கு இந்தச் சிக்கல் தொடங்கியிருக்கும்.

ஸ்பெயினில் இந்த மாத்திரைகள் சாப்பிட்ட 344 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். 1997இல் வெளியானது. தானாக வாயைத் திறந்து “தாம்பத்தியத்தில் சிக்கல்” என்று சொன்னவர்கள் 14 சதவீதம். மருத்துவர் நேராகக் கேட்டபோது ஆமாம் என்றவர்கள் 58 சதவீதம்! அந்த இரண்டு எண்களுக்கும் நடுவே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கணக்குப் போட்டுப் பார். வலியை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, கதவுப் பிடியில் கை வைத்தபடி நிற்கிறார்கள். நீ தனியாள் இல்லை. உன் வரிசை நீளமானது. அந்த வரிசையிலிருந்து வெளியே வரும் தைரியம்தான் எனக்கு உன்னிடம் வேண்டும்.

முதல் வேலையாக ‘ஆண்மைக் குறைவு’ என்ற சொல்லைத் தூக்கி எறி. பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸின் சொல் அது. இரவு பதினொரு மணிக்கு மேல் டி.வி.யில் வந்து, “நரம்புத் தளர்ச்சியா? இளமையில் செய்த தவறா?” என்று உன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவரின் சொல் அது. உன் ஆண்மை எங்கே இருக்கிறது தெரியுமா? நொடித்த தொழிலோடும் நோயோடும் மல்லுக்கட்டிக்கொண்டே பிள்ளைக்கு ஃபீஸ் கட்டினாயே, அதில் இருக்கிறது. மனநல மருத்துவரின் வாசற்படி ஏறினாயே, அதில் இருக்கிறது. ரத்தக் குழாய் விரிவதும் சுருங்குவதும் உடம்பின் வேலை. அது தடைபட்டால் பெயர் விறைப்புக் குறைபாடு. பி.பி., சுகர் போல அதுவும் மருத்துவம் உள்ள ஒரு கோளாறு.

அந்த நோட்டீஸை நம்பி, லாட்ஜில் அறை எடுத்து முகாம் போடுகிறவரிடம் போகாதே. முறையாகப் படித்துப் பதிவு பெற்ற சித்த மருத்துவர்களை நான் சொல்லவில்லை, அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. லேபிள் இல்லாத டப்பாவில் லேகியமும் பொடியும் விற்கிறவர்களைச் சொல்கிறேன். ‘முழுக்க இயற்கை’ என்று விற்கப்பட்ட எத்தனையோ வீரிய மருந்துகளைச் சோதித்த அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., உள்ளே சொல்லாமல் கலந்திருந்த சில்டெனாஃபிலை, அதாவது வயாக்ரா மருந்தை, கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. நீ மூலிகை என்று நம்பி விழுங்குகிறாய், உள்ளே போவது அளவு தெரியாத ரசாயனம்.

இதைவிடப் பெரிய ஆபத்து நம் தெருமுனை மெடிக்கலிலேயே இருக்கிறது. இதைப் பற்றி எழுதும்போது என் கை நடுங்குகிறது, கோபத்தில். இந்த மாத்திரைக் குடும்பம் உச்சத்தைத் தள்ளிப்போடும் என்று சொன்னேன் அல்லவா? அந்தக் குணத்தையே பயன்படுத்தி, விந்து முந்துகிறவர்களுக்காக டபாக்ஸிடின் என்றொரு மருந்தைக் கொண்டுவந்தார்கள். உடம்பில் கொஞ்ச நேரமே தங்கும், ஆனால் குடும்பம் அதேதான், செரோட்டோனின் குடும்பம். நம் நாட்டில் சில்டெனாஃபிலையும் டபாக்ஸிடினையும் ஒரே மாத்திரையாகச் சேர்த்து விற்கிறார்கள். சில்டெனாஃபிலின் வேலையையே செய்யும் தடாலஃபிலோடு சேர்த்தும் வருகிறது. நீ கூட்டமில்லாத நேரம் பார்த்துக் கடைக்குப் போய், குரலைத் தாழ்த்தி, “அண்ணே, நல்லதா ஒண்ணு குடுங்க” என்கிறாய். அவருக்கு நீ மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுவது தெரியாது. சீட்டு கேட்கவில்லை, நீயும் காட்டவில்லை. கூட்டு மாத்திரை உன் கைக்கு வந்துவிடுகிறது.

காலையில் எஸ்சிட்டலோபிராம், இரவில் டபாக்ஸிடின். செரோட்டோனின் மேல் செரோட்டோனின். கை நடுக்கம், கொட்டும் வியர்வை, படபடப்பு, தசைத் துடிப்பு, காய்ச்சல், குழப்பம் என்று அது மூளையையும் உடம்பையும் சேர்த்து உலுக்கும். மருத்துவத்தில் அதை செரோட்டோனின் சிண்ட்ரோம் என்பார்கள். முற்றினால் உயிருக்கே ஆபத்து. மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு டபாக்ஸிடின் கொடுக்கவே கூடாது, அந்த மாத்திரையை முறைப்படி நிறுத்தியிருந்தாலும் குறைந்தது 14 நாள் கழிய வேண்டும் என்பது விதி. அட்டையைத் திருப்பிப் பார். சின்ன எழுத்தில் இரண்டாவது பெயராக டபாக்ஸிடின் இருந்தால் அந்த மாத்திரை உனக்கு இல்லை. இந்த ஒரு வரிக்காகவே இந்தப் பக்கத்தைக் கிழித்துப் பர்சில் வைத்துக்கொண்டாலும் சரி.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. நெஞ்சை நிமிர்த்திக் கேள்.

1998 மார்ச் 27 அன்று அமெரிக்காவில் சில்டெனாஃபிலுக்கு அனுமதி கிடைத்தது. வயாக்ரா என்றால் உலகத்துக்கே தெரியும். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் சாண்ட்விச் என்ற ஊரில் இருந்த ஃபைசர் ஆய்வகத்தில் நெஞ்சு வலிக்காக அதைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நெஞ்சு வலிக்குப் பெரிதாக உதவவில்லை. சோதனையில் கலந்துகொண்ட ஆண்கள் வேறொரு விளைவைச் சொன்னார்கள். அதைச் சொல்ல அவர்களுக்கும் கூச்சமாகத்தான் இருந்திருக்கும். சொன்னார்கள், ஒரு மருந்து பிறந்தது.

அது வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள். ஆசை தூண்டப்பட்டதும் நரம்பு முனையிலிருந்து நைட்ரிக் ஆக்ஸைடு வெளிவரும். மதகைத் திறக்கச் சொல்லும் ஆள் அது. அதன் பேச்சைக் கேட்டு ரத்தக் குழாய்ச் சுவர் தளரும், வாய்க்காலில் தண்ணீர் பாய்வது போல் ரத்தம் பாயும். சிறிது நேரத்தில் மதகை மூடவரும் ஒரு நொதி உண்டு. சில்டெனாஃபிலும் தடாலஃபிலும் அந்த நொதியின் கையைப் பிடித்துக்கொள்கின்றன. ஆசையே தூண்டப்படவில்லை என்றால் மதகு திறக்காது, மாத்திரை சும்மா கிடக்கும். ஆசையை உண்டாக்கும் மருந்து அல்ல அது. பிரியாணியைக் கட்டிவிட்டுப் போட்டால் சில்டெனாஃபில் ஏற நேரமாகும், “வேலை செய்யல” என்று நீ இன்னொன்றை விழுங்கத் துணிவாய். துணியாதே. ஒரு நாளைக்கு ஒன்றுதான்.

மனச்சோர்வு மாத்திரையோடு இதைச் சேர்க்கலாமா என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவில் மனச்சோர்வு மாத்திரையால் இதே சிக்கலில் மாட்டிய 90 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2003இல் வெளியானது. அவர்கள் மனச்சோர்வு மாத்திரையை நிறுத்தவில்லை. சிலருக்குச் சில்டெனாஃபில், சிலருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. சில்டெனாஃபில் எடுத்தவர்களில் 54.5 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள். வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 4.4 சதவீதம். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் போன்றவற்றோடு, மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்தால், பெரும்பாலானவர்களுக்கு இந்தச் சேர்க்கை பாதுகாப்பானதுதான். மனதைக் காப்பாற்றுவதா தாம்பத்தியத்தைக் காப்பாற்றுவதா என்று உன்னை யாரும் தராசில் நிறுத்தவில்லை. இரண்டையும் காப்பாற்றலாம்!

ஆனால் “மருத்துவர் பார்த்து” என்று சொன்னதை வாசித்துத் தாண்டிப் போகாதே. உன் உயிர் அதில்தான் இருக்கிறது.

நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட்டும் மற்ற நைட்ரேட் மாத்திரைகளும் உடம்பில் போய் அதே நைட்ரிக் ஆக்ஸைடைத்தான் உண்டாக்குகின்றன. மதகைத் திறக்கும் ஆள் பத்து பேராகிறார், மூடுகிறவனின் கையோ கட்டப்பட்டிருக்கிறது. அப்போது உடம்பு முழுக்கக் குழாய்கள் விரிந்து, பி.பி. பாதாளத்துக்குப் போகும். நைட்ரேட்டோ, நெஞ்சு வலிக்கே தரும் நிக்கோரண்டிலோ சாப்பிடுகிறவர் சில்டெனாஃபிலையோ தடாலஃபிலையோ தொடவே கூடாது. இதில் சலுகை கிடையாது. சில்டெனாஃபில் போட்டபின் நெஞ்சு வலித்தால் 108க்கு அழை. வருகிறவர்களிடம் முதல் வார்த்தையாக, “இந்த மாத்திரை இத்தனை மணிக்குப் போட்டேன்” என்று சொல். சில்டெனாஃபில் என்றால் 24 மணி நேரமும், தடாலஃபில் என்றால் 48 மணி நேரமும் நைட்ரேட் கொடுக்கக் கூடாது என்று அவர்கள் அறிவார்கள். ஆனால் நீ போட்டது நீ சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். அங்கேயும் “ஒண்ணுமில்ல” என்றால் செத்துப் போவாய், தம்பி. கடுமையாகத்தான் சொல்கிறேன்.

பிராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் போன்றவை, பி.பி.க்கு பிராசோசின் போன்றவை சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல். அமிட்ரிப்டிலின், இமிப்ரமின் போன்ற பழைய வகை மனச்சோர்வு மாத்திரைகள் தாமாகவே பி.பி.யைத் தாழ்த்தும், படுக்கையிலிருந்து எழுந்தால் கண் இருட்டும். அவற்றோடு சில்டெனாஃபிலும் சேர்ந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். ஃப்ளுவாக்ஸமின் சாப்பிடுகிறவருக்குச் சில்டெனாஃபில் கல்லீரலில் சீக்கிரம் கரையாது, ரத்தத்தில் அளவு ஏறும். டாக்டர் சிறிய அளவிலிருந்து தொடங்குவார். தூக்கத்துக்காக டிராசடோன் கொடுத்திருந்தால் அதற்கும் ஒரு குணம் உண்டு: அரிதாக, வேண்டாத நேரத்தில் விறைப்பு வந்து இறங்காமல் நிற்கும். எந்த மாத்திரையால் ஆனாலும் சரி, 4 மணி நேரம் தாண்டி விறைப்பு இறங்கவில்லை என்றால் அவசர சிகிச்சைக்கு ஓடு. வெட்கப்பட்டு விடியும்வரை காத்திருந்தால் நிரந்தரச் சேதம். திடீரென்று பார்வையோ கேட்கும் திறனோ மங்கினாலும் அப்படியே ஓடு. லேசான தலைவலி, முகம் சிவப்பது, மூக்கடைப்பு இவற்றுக்குப் பயப்படாதே. மது வேண்டவே வேண்டாம். அது மனச்சோர்வுக்கும் எதிரி, விறைப்புக்கும் எதிரி, பி.பி.யோடும் விளையாடும்.

நான் ஐந்தாவது முறை போனபோது கதவுவரை வந்துவிட்டேன். மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கதவு இடைவெளியில் அவள் முகம் தெரிந்தது. இரண்டு மாத இருட்டில் என்னைத் தூங்க வைத்துவிட்டுத் தான் விழித்திருந்த முகம். திரும்பினேன். போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். சொன்னேன்.

டாக்டரின் முகத்தில் ஒரு சிறு மாற்றம்கூட இல்லை. பேனாவைத் திறந்தார். “நெஞ்சு வலி உண்டா? படியேறினா மூச்சு வாங்குதா? காலையில தூங்கி எழும்போது விறைப்பு இருக்கா? சுகர் கடைசியா எப்ப பார்த்தீங்க?” அவருக்கு அது இருமலைப் போல இன்னொரு அறிகுறி. சுகர் நான் பார்த்ததே இல்லை. பார்த்தபோது ஏறியிருந்தது. சோர்வு மாத்திரை மேல் மட்டும் பழி போட்டுக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்குத்தான் முழுக் கதை தெரிந்தது.

ஆணுறுப்பில் ஓடும் ரத்தக் குழாயின் அகலம் 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத்துக்குப் போகும் குழாய் 3 முதல் 4 மில்லிமீட்டர். கொழுப்பு படிந்தால் முதலில் அடைபடுவது சின்னக் குழாய். சிலருக்கு விறைப்புக் குறைபாடு வந்து சில ஆண்டுகள் கழித்துத்தான் மாரடைப்பு வருகிறது. உடம்பு முன்கூட்டியே கதவைத் தட்டியிருக்கிறது, அவர்கள்தான் வெட்கப்பட்டுத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். அதனால் சுகர், பி.பி., கொழுப்பு, தேவையென்றால் ஈ.சி.ஜி. எல்லாவற்றையும் பார்த்துவிடச் சொல்லி நீயே கேள்.

உடனே மாத்திரைமேல் மாத்திரை எழுதுவார் என்று நினைக்காதே. எனக்கு எஸ்சிட்டலோபிராமை மறுபடி தொடங்கி, மனம் நிலைக்கு வந்தபின் அளவைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்தார். சிலருக்கு அதுவே போதும். சிலருக்கு வேறு மாத்திரைக்கு மாற்றுவார்கள். புப்ரோபியான், மிர்டசபின் போன்றவற்றில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் வலிப்பு வந்தவர்களுக்குப் புப்ரோபியான் ஆகாது, மிர்டசபின் பசியையும் எடையையும் ஏற்றும். எது உனக்குப் பொருந்தும் என்பது உன்னைப் பரிசோதித்தவரின் முடிவு. மாற்றுவதையும் குறைப்பதையும் படிப்படியாகத்தான் செய்வார்கள். என்னைப் போல் ஒரே நாளில் வெட்டி எறிய மாட்டார்கள். எனக்குக் கடைசியில் சிறிய அளவில் சில்டெனாஃபிலும் எழுதினார். மனநல மருத்துவர் ஒருவர், சுகருக்கு ஒருவர் என்று இரண்டு பேரிடம் போனால், இருவர் கையிலும் உன் எல்லா மாத்திரைகளின் பட்டியலும் இருக்க வேண்டும். மாத்திரை அட்டைகளைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போ.

அன்றிரவு மனைவியிடமும் சொன்னேன். எத்தனையோ மாதமாக, தன்மேல்தான் எனக்கு வெறுப்பு வந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். “இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம் இல்லீங்க” என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. என் மௌனம் என்னை மட்டும் சுட்டது என்று நினைத்திருந்தேன், பக்கத்தில் படுத்திருந்தவளும் வெந்திருக்கிறாள். உன் வீட்டிலும் ஒருத்தி அப்படி நினைத்துக்கொண்டிருக்கலாம். அவளே இந்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறவளாகவும் இருக்கலாம். பெண்களின் ஆசையையும் இவை மங்கவைக்கும், அவளுக்கும் சொல்லக் கூச்சமாக இருக்கும். நீ முதலில் பேசு.

டாக்டரிடம் என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்றுதானே தடுமாறுகிறாய்? சொல்லித் தருகிறேன். “டாக்டர், இந்த மாத்திரை ஆரம்பிச்சதிலிருந்து எனக்கு விறைப்பு சரியா வரல. மனசுக்கு மாத்திரை நல்லா கேட்குது, அதை நிறுத்த எனக்கு விருப்பமில்ல. இதுக்கு என்ன பண்ணலாம்? நான் சாப்பிடற மத்த மாத்திரையெல்லாம் இதோ.” இவ்வளவுதான். வாய் வரவில்லை என்றால் ஒரு தாளில் எழுதி மேஜைமேல் நீட்டு. படித்துக்கொள்வார்.

என் ஐந்தாவது சந்திப்பு மொத்தம் பத்து நிமிடம்கூட இல்லை. அந்தப் பத்து நிமிடத்தைத் தள்ளிப்போட்டதில் எனக்கு எட்டு மாதம் போயிற்று. உன் மருந்துச் சீட்டின் கீழே அடுத்து வரவேண்டிய தேதி எழுதியிருக்கும். எடுத்துப் பார்.